மின்சார அணியும் காந்த அணியும்

ஜன்னல் பக்கம் நீங்க உக்காந்துக்குங்க சார். எனக்குப் பஸ் காத்து ஆகாது, தொண்டைக்குக் கேடு. இந்தத் தொண்டைதான் முப்பது வருஷமா எனக்குச் சோறு போடுது. காதுல மாட்டியிருக்கீங்களே, பாட்டா? கேளுங்க, கேளுங்க. அதைக் கழட்டுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆ, நீங்களே கழட்டிட்டீங்க. நல்ல மனுஷன்.

என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குமே? இல்லையா? சரி, விடுங்க. சொல்முரசு குஞ்சிதபாதம்னு மயிலாடுதுறைச் சீமையில யாரை வேணா கேட்டுப் பாருங்க. பட்டிமன்றப் பேச்சாளர். இன்னிக்குச் சாயங்காலம் திருவாரூர் பக்கத்துல ஒரு கோயில் திருவிழா, அங்கதான் போறேன். தலைப்பு என்ன தெரியுமா, 'இல்லறம் இனிக்கப் பெரிதும் வேண்டுவது பேச்சா, மௌனமா?' நான் மௌன அணிக்குத் தலைவர். சிரிக்காதீங்க. மௌனத்தோட பெருமையைப் பத்தி மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அடிவயித்துலேருந்து கத்தணும். அதுக்குச் சால்வை வேற போடுவாங்க.

என் வீட்டு நிலவரம் தெரிஞ்சேதான் இந்த அணியில என்னைப் போட்டாங்களோனு எனக்கு ஒரு சந்தேகம். வீட்டு நிலவரம் என்னங்கிறீங்களா? வாய்ப்பூட்டு சார். சொந்த வீட்டுல, சொந்த வாய்க்கு. ஊர்ல எல்லாருக்கும் டாக்டருங்க உப்பைக் குறை, சர்க்கரையைக் குறைனு எழுதுவாங்க. என் சம்சாரத்துக்கு என்னைக் குறைக்கச் சொல்லி எழுதியிருக்காங்க.

அவ பேரு தையல்நாயகி. வைத்தீஸ்வரன்கோயில்காரி. உலகத்துல இருக்கிற நோயாளியெல்லாம் வைத்தியநாத சாமியைத் தேடி அந்த ஊருக்கு வர்றான், அந்த ஊர்ல பிறந்தவளைக் கூட்டிக்கிட்டு நான் மெட்ராஸ் போனேன். என் ராசி அப்படி.

முதல்லேருந்து சொல்றேன். நான் எந்தப் பேச்சையும் வீட்டுல ஒத்திகை பார்க்காம மேடை ஏற மாட்டேன். சில பேர் கண்ணாடி முன்னாடி நின்னு பேசுவான். அது தப்பு. கண்ணாடிக்கு என்ன தெரியும்? உயிருள்ள ஒரு ஜீவன் முன்னாடி பேசணும். எங்க வீட்டு ஜீவன் தையல். அவ பாட்டுக்குக் கூடத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருப்பா, நான் தூண் பக்கத்துல நின்னு ஆரம்பிப்பேன். மெதுவா எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, ஒரு உச்சத்துக்குக் கொண்டு போவேன் பாருங்க, அப்ப அவ கை அப்படியே நின்னுடும். கண்ணு ஒரே இடத்துல நிலைகுத்தி நிக்கும். உதடு மட்டும் எதையோ மெல்ற மாதிரி அசையும். விரல் முந்தானை நுனியைக் கசக்கிக்கிட்டிருக்கும். கூப்பிட்டா பதில் வராது. கொஞ்ச நேரம் கழிச்சுத் தூங்கி எழுந்தவ மாதிரி முழிச்சு, 'என்னங்க சொன்னீங்க'ம்பா.

நீங்களே சொல்லுங்க, அதைப் பார்த்தா ஒரு பேச்சாளன் என்ன நினைப்பான்? சொக்கிப் போயிட்டாள்னுதானே நினைப்பான்? நானும் அதைத்தான் நினைச்சேன். ஊர் ஊரா மேடையிலயே சொல்லியிருக்கேன், 'என் உரையைக் கேட்டால் என் இல்லாள் மெய்மறந்து சிலையாகி விடுவார்'னு. அந்த இடத்துல கைதட்டல் தவறாம விழும். பொம்பளைங்க பக்கத்துலேருந்துதான் அதிகமா விழும்.

ஆனா ஒண்ணு சார், கலையை மதிக்கத் தெரியாது அவளுக்கு. அதையும் சொல்லிடணும். நான் தொண்டையைச் செருமினாப் போதும், அப்பதான் மிக்ஸியில அரைக்க அவளுக்கு ஒரு வேலை வரும். நான் 'அவையோர்களே'ங்கிறதுக்குள்ள அது 'கர்ர்ர்'னு ஆரம்பிச்சுடும். எங்க வீட்டுல காலையில சட்னி, மத்தியானம் துவையல், ராத்திரிக்கு மறுபடியும் சட்னி. தேங்காய்க்கே தனியா ஒரு தோப்பு வாங்கணும் போல இருந்துச்சு. மிக்ஸி ரிப்பேரானா பாத்ரூம் குழாயைத் திறந்து வாளியில தண்ணி விடுவா. 'ஏண்டி, நேரம் பார்த்துத்தான் உனக்கு வேலை வருமா'னு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன். பதிலே பேச மாட்டா. அவ சுபாவம் அப்படி.

போன ஆடியில ஒரு நாள், மிக்ஸியும் ஓடல, குழாயும் ஓடல. அவ அப்பளம் பொரிச்சுக்கிட்டிருந்தா. நான் அடுப்படி நிலையில சாஞ்சுக்கிட்டு 'பெண்மையைப் போற்றுவோம்'ங்கிற பேச்சை ஒத்திகை பார்த்தேன். நல்லா வந்துச்சு சார். அவ வழக்கம் போலச் சிலையாயிட்டா. இடது கை எண்ணெய்ச் சட்டி மேல பட்டுக்கிட்டிருக்கு, எடுக்கல. எனக்கு எப்படித் தெரியும்? நான் முடிவுரைக்கு வந்துட்டேன். முடிவுரையை நடுவுல நிறுத்தினா மறுபடி எடுக்க முடியாது, அது உங்களுக்குப் புரியாது. நாத்தம் வந்தப்புறம்தான் பார்த்தேன். உள்ளங்கை தோலு வழண்டு வந்துடுச்சு.

எங்க ஊரு டாக்டர் கையைக் கட்டிட்டு, 'சுட்டா கையை இழுத்துக்கத் தெரியாதாம்மா'னு கேட்டாரு. இவ 'தெரியலைங்க'ன்னா. அவரு என்னமோ யோசிச்சு மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்தாரு. அங்க மூளை ஆராய்ச்சி பண்ற பெரிய இடம். டாக்டர் ஃபரிதானு ஒரு அம்மா. படிச்சவங்கதான், ஆனா சபை நாகரிகம் கிடையாது. அவங்க கேள்வி கேக்கறாங்க, நான் பதில் சொல்றேன், அவங்க என் மூஞ்சியைப் பார்க்கவே இல்ல. தையல் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருக்காங்க. 

'எப்போலேருந்தும்மா இப்படி வருது?'ன்னாங்க. நான் சொன்னேன். 'நான் அவங்களைக் கேட்டேன் சார்'ன்னாங்க. 'அவளுக்குச் சொல்ல வராதும்மா, நான் சொல்றேன்'னு ஆரம்பிச்சேன். நல்ல நீள அறை, எதிரொலி கேக்குது, குரல் தானா ஏறிடுச்சு. இங்க இவ சிலை. டாக்டரம்மா எழுந்து வந்து இவ கையைத் தூக்கி விட்டுப் பார்த்தாங்க, கண்ணுல டார்ச் அடிச்சாங்க. அப்புறம் என்னை வெளியில போகச் சொன்னாங்க. முப்பது வருஷத்துல ஒரு அரங்கத்துலேருந்து என்னை வெளியில அனுப்பினது அதுதான் முதல் தடவை. உள்ள இவ கலகலனு பேசிக்கிட்டிருக்கா, கதவு வழியாக் கேக்குது. அவளுக்கு அவ்வளவு பேசத் தெரியும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

திரும்ப உள்ள கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாங்க. இது மெய்மறக்கிறது இல்லையாம், வலிப்பாம். கை கால் வெட்டி இழுக்கிறது மட்டும் வலிப்பு இல்ல, இதுவும் ஒரு வகையாம். சில பேருக்கு ஒரு பாட்டு, சில பேருக்கு மினுக்கற வெளிச்சம், அது பட்டா உடனே வருமாம். அபூர்வமா ஒரு குரலுக்கே வருமாம். 'உங்க குரலோனு சந்தேகப்படறேன்'ன்னாங்க, பவ்யமா. நானும் பவ்யமாவே கேட்டேன், 'ஊர் ஊரா என் பேச்சைக் கேட்டுட்டு எழுந்து போகாதவங்க இருக்காங்களேம்மா, அவங்களுக்கெல்லாம் என்ன?'

என் குரல்தானானு நிரூபிக்கத்தான் சார் ஒரு பரிசோதனை வெச்சாங்க. மூளையில மின்சாரம் ஓடுதாம். அது தாறுமாறாப் பொறி தட்டினா வலிப்பு. தலையில ஒயரை ஒட்டி எடுக்கிற இ.இ.ஜி. இருக்கே, அது எந்த நொடியில பொறி தட்டுச்சுனு கணக்காச் சொல்லும், எந்த மூலையிலனு கேட்டா மழுப்பும். எம்.ஆர்.ஐ. காந்தம் எங்க ரத்தம் கூடுதுனு பார்த்து இடத்தைச் சொல்லும், ஆனா நேரம் கேட்டா மந்தம். அதனால ரெண்டையும் ஒரே சமயத்துல எடுக்கணும்னாங்க. 'அட, நம்ம பட்டிமன்றம்! மின்சார அணி, காந்த அணி, நீங்க நடுவர்'னேன். டாக்டரம்மா சிரிக்கல. 

'இதுல ஒரு சங்கடம் இருக்கு'ன்னாங்க. காந்தம் வேலை செய்யும்போது போடுற ரகளையில மின்சாரக் கோடே தெரியாதாம், எல்லாம் மூடிப் போயிடுமாம். அப்புறம் கம்ப்யூட்டர்ல காந்தத்தோட இரைச்சலைக் கழிப்பாங்களாம். கழிச்சா அடியில அவளோட மூளை இருக்கும். 'எப்படிம்மா கழிப்பீங்க'னு கேட்டேன். 'எப்பவும் ஒரே மாதிரி வர்ற சத்தம்தானே சார், கழிக்கிறது சுலபம்'னு சொல்லி என்னையே பார்த்தாங்க. என்னை ஏன் பார்த்தாங்கனு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

வீட்டுல சாதாரணமா அவகிட்ட எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசிப் பதிவு பண்ணிக் கொண்டு வாங்கன்னாங்க. நான் கொண்டு போனது சீர்காழியில பேசின பேச்சு. 'தாயா, தாரமா' தலைப்பு, நான் தார அணி, கைதட்டல் ஓயறதுக்கே நேரமாகும். ஒரு பெரிய ஆராய்ச்சிக்கு என்னைக் கேக்கறான், 'காபி ஆறிப் போச்சு, துண்டு எங்க'ன்னா பதிவு பண்ணிக் கொடுக்க முடியும்? 

பரிசோதனை அன்னிக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காம வரச் சொல்லியிருந்தாங்க. எண்ணெய் இருந்தா ஒயர் பிடிக்காதாம். கல்யாணமானதுலேருந்து எண்ணெய் வைக்காத தலையோட அவளை நான் பார்த்ததில்ல, யாரோ மாதிரி இருந்தா. தலையில ஒரு குல்லா, குல்லா பூரா ஒயர். ஆல்பர்ட்னு ஒரு டெக்னீஷியன் ஒவ்வொரு இடத்துலயும் பசையை விட்டுத் தேய்ச்சாரு. உலோகம் கூடாதுன்னுட்டாங்க. தாலிச் சங்கிலியைக் கழட்டி என் கையில கொடுத்துட்டு, மஞ்சக் கயித்துல மஞ்சக் கிழங்கு கட்டிக்கிட்டா. சங்கிலியைச் சட்டைப் பையில போட்டேன். கையில ஒரு ரப்பர் பந்து கொடுத்தாங்க, கஷ்டமா இருந்தா அமுக்கணும், மணி அடிக்கும். அசையக் கூடாது, பேசக் கூடாது. வலிப்பு நிக்கலைன்னா போட, ஊசியோட ஒரு டாக்டர் தயாரா நின்னாரு. அப்படியே அந்தக் காந்த மிஷினோட குழாய்க்குள்ள அனுப்பினாங்க.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். இரைச்சலைக் குத்துமதிப்பா அப்பப்பவே கழிச்சுக் கோட்டைத் திரையில ஓட விட்டு, அவ காதுல குரல்களை ஒவ்வொண்ணாப் போட்டாங்க. யாரோ செய்தி வாசிக்கிறாங்க, கோடு ஆடல. அவ தம்பி சட்டநாதன் பேசுறான், ஆடல. அவனைக் கேட்டு யாருக்கு என்ன ஆடும்? அப்புறம் நான். 'தாரம் என்பவள்...'னு எடுத்தேன் பாருங்க, கொஞ்ச நேரத்துல திரையில கோடெல்லாம் கிளம்பிடுச்சு சார். இப்படி, கடல் மாதிரி. ஆல்பர்ட் வாயைப் பொளந்துட்டாரு. 'கைதட்டல் வந்த இடமா தம்பி?'னு கேட்டேன். அதுக்குள்ள எல்லாரும் ஓடிப் போய் அவளை வெளியில இழுத்துட்டாங்க.

அப்புறம் படம் போட்டுக் காட்டினாங்க. காதுக்கு மேல, இடது பக்கம், உள்ளுக்குள்ள ஒரு இடம் மட்டும் செக்கச் சிவந்து இருக்கு. மின்சார அணி சொன்ன அதே நொடியில காந்த அணி சொன்ன இடம். ரெண்டு அணியும் ஒருமனதாத் தீர்ப்பு. எந்தப் பேச்சாளனுக்கு சார் இந்தப் பாக்கியம் கிடைக்கும்? நம்ம பேச்சு உள்ள போய் எங்க உக்காருதுனு படம் பிடிச்சுக் காட்டியிருக்கான். அந்தப் படத்துல ஒரு பிரதி கேட்டேன், நோட்டீஸ்ல போட்டுக்கலாம்னு. டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிக்கிட்டு எழுந்து போயிட்டாங்க.

சாயங்காலம் இன்னொரு தடவை பார்க்கணும்னாங்க. மேடைக் குரலுக்கு மட்டும்தானா, சாதாரணக் குரலுக்கும் வருமானு தெரியணுமாம். அதுக்கும் வந்தா நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது, காலம் பூரா ஜாடைதான். மறுபடி அவ குழாய்க்குள்ள. என் முன்னாடி ஒரு சின்ன மைக். 'அவங்ககிட்ட நேராப் பேசுங்க'ன்னாங்க. மைக்கைப் பார்த்ததும் என் கை தானா அதைத் தட்டிப் பார்த்துச்சு. 'அவையோர்க்கு...'னு வாய் திறந்துச்சு. டாக்டரம்மா மைக்கை அணைச்சுட்டாங்க. 'அவை இல்ல சார், உங்க மனைவி'ன்னாங்க.

சரினு உக்காந்தேன். என்ன பேசுறது? தலைப்பு இல்ல. எதிரணி இல்ல. அந்தப் பக்கம் காந்தம் டங்கு டங்குனு இடிக்குது, நான் வாயைத் திறக்கிறேன், மூடுறேன். ஆல்பர்ட் கடிகாரத்தைப் பார்க்கிறாரு. இத்தனை வருஷத்துல எனக்குப் பேச்சு வராமப் போனது அன்னிக்குத்தான். கூச்சமா இருந்துச்சு சார். பையில கையை விட்டேன், சங்கிலி தட்டுப்பட்டுச்சு. ஏசியில ஐஸ் மாதிரி இருந்துச்சு. 'தையல், உள்ள குளிருதா?'ன்னேன்.

மணி அடிச்சுடுச்சு. எல்லாருக்கும் உசிரு போச்சு. மிஷினை நிறுத்தி, ஊசிக்காரர் உள்ள ஓடி, 'என்னம்மா, என்ன பண்ணுது'ன்னா, 'ஒண்ணும் பண்ணலைங்க. அவர் கேட்டாரு. பேசக் கூடாதுன்னீங்க. அதான் அமுக்கினேன்'ங்கிறா. மூளை ஆராய்ச்சி நடக்கிற இடத்துல போய்ப் பதில் சொல்றாளாம் பதில்.

பதிவை முழுசாக் கழிச்சுப் பார்த்தாங்க. ஒண்ணுமே இல்ல. ஒரு கோடுகூட ஆடல. டாக்டரம்மா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம், என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நானே நேர்ல பேசி ஒரு கோடு ஆடல சார். சட்டநாதனும் நானும் ஒண்ணு.

இதுக்கு மேல என்ன வழினு கேட்டேன். மாத்திரை உண்டு, அது பாதிதான் கேக்கும். ஆபரேஷன் பண்ணி அந்த இடத்தை எடுத்துடலாம், இடம்தான் தெரிஞ்சுடுச்சே. இல்லேன்னா அந்தக் குரல் அவ காதுல விழாமப் பார்த்துக்கணும். நான் யோசிக்கவே இல்ல, 'ஆபரேஷனே பண்ணிடுங்க'ன்னேன். செலவைப் பத்திக் கவலைப்படற ஆளா நான்? டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, 'தலையைத் திறக்கிறது சுலபம்கிறீங்க, வாயை மூடுறதைவிட'ன்னாங்க. நல்ல முரணா இருந்துச்சு, ஒரு மேடையில எடுத்துச் சொன்னேன், எடுபடல.

இவ ஆபரேஷன் வேணாம்னுட்டா. ஒத்தக் கால்ல நின்னா. எனக்கு அப்படி ஒரு கோவம். சரி, கத்திக்குப் பயப்படறானு நினைச்சுக்கிட்டேன். கிளம்பற அன்னிக்கு டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அந்தச் சிவந்த இடத்துக்கு அடுத்தாப்புலதான் பேச்சைப் புரிஞ்சுக்கிற இடமும் இருக்காம். வெட்டும்போது அதுலயும் பட்டா, யார் என்ன பேசினாலும் வெறும் சத்தமாத்தான் கேக்குமாம். அதைக் கேட்டுட்டு இவ சொல்லியிருக்கா, 'அப்ப அவர் பேசுறதும் புரியாதுங்களே. இப்ப வலிப்பு வர்ற வரைக்குமாவது புரியுது'னு.

எப்படி இருக்கு பாருங்க.

வர்ற வழியில ரயில்ல கேட்டேன், 'ஏண்டி, உனக்கு முன்னாடியே தெரியுமா'னு. தெரியுமாம். 'மிக்ஸி போட்டா வராதுங்க'ங்கிறா. 'என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன'ன்னேன். 'ஊரே கை தட்டுது, எனக்கு மட்டும் இப்படி ஆகுதுனு எப்படிச் சொல்றது? நீங்க நல்லாத்தானே பேசுறீங்க'ன்னா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். காத்து பட்டா எனக்குக் கண்ணுலயும் தண்ணி வரும்.

இப்ப வீட்டுல ஒத்திகை கிடையாது. வாய்க்கால் கரைக்குப் போய் மாட்டுக்கெல்லாம் பேசிட்டு வர்றேன், அதுங்க எழுந்து போறதில்ல. மிச்சத்தைப் பஸ்ல பார்த்துக்கறேன், உங்க மாதிரி ரசிகர்கள் கிடைக்கிறாங்க. வீட்டுக்குள்ள போனா 'ரசம் சூடா இருக்கு', 'பால்காரன் வந்தானா', அவ்வளவுதான் பேச்சு. இதெல்லாம் ஒரு பேச்சா சார்? அவளுக்கு என்னவோ அதுவே ஒரு பெரிய திருவிழா மாதிரி இருக்கு. வாயை மூடாம பதில் சொல்லிக்கிட்டிருக்கா. மிக்ஸி துருப்பிடிக்குது.

இருங்க, போன் அடிக்குது. அவதான். நான் எடுக்கக் கூடாது சார். மேடை இருக்கிற அன்னிக்குக் காலையிலேருந்தே எனக்குக் குரல் ஏறி நிக்கும். இதுல உங்ககிட்ட வேற இவ்வளவு நேரம் பேசிச் சூடு பண்ணி வெச்சிருக்கேன். போன்லயும் அதே குரல்தானே போகும். நீங்க எடுங்க. அட எடுங்க சார், கட்டாயிடும். பக்கத்து சீட்டுக்காரர்னு சொல்லுங்க, அவளுக்குப் பழக்கம்தான்.

பேரளம் தாண்டியாச்சுனு சொல்லுங்க. மாத்திரை போட்டாளானு கேளுங்க. போட்டாளாமா? சரி. கையில சுட்ட அந்த இடம் இன்னும் இழுக்குதானு கேளுங்க.

என்னது? என்கிட்டப் பேசணுமாமா? வேணாம் சார். குரல் சரியில்லனு சொல்லிடுங்க. எதுக்காம்? சும்மாவா?

அடுப்பு எரியுதானு கேளுங்க முதல்ல. எரியலையா? நிக்கிறாளா, உக்காந்திருக்காளா? நல்லாக் கேளுங்க. உக்காந்துதானே இருக்கா?

கொடுங்க.

தையல்.

ம்.

இல்ல, நான் ஒண்ணும் பேசல. நீ சொல்லு.